கயிறு காலி

மூன்று விசில் கேட்டது. "கீழே வந்து சேர்ந்துவிட்டேன், கயிறு காலி, அடுத்த ஆள் இறங்கலாம்" என்று அதற்குப் பொருள். அருவி இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால், சர்தீனியாத் தீவின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் கயிறு கட்டி இறங்குகிறவர்கள் எல்லோரும் விசிலில்தான் பேசிக்கொள்வார்கள். விசில் கேட்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் பொனாரியாவின் உள்ளங்கையில் கயிறு இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. தம்பி பக்கீசியோவின் முழு எடையும் அதில் தொங்கியது. அவன் பாறையை உதைத்து உதைத்து இறங்குகிற ஒவ்வொரு குலுக்கலும் அவள் விரல்களுக்கு வந்துகொண்டிருந்தது. பாதிச் சுவரில் தொங்குகிறவன் வந்து சேர்ந்துவிட்டதாக எப்படிச் சொல்வான்?

"கிறுக்குப் பயல்" என்று முணுமுணுத்துக்கொண்டாள். வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிற நேரத்திலும் இவனுக்கு விளையாட்டுப் புத்தி போகவில்லையே என்ற கடுப்போடு காத்திருந்தாள். சற்று நேரத்தில் கயிறு தளர்ந்தது. மறுபடியும் மூன்று விசில். இந்தத் தடவை சரியான நேரத்தில், பக்கீசியோ எப்போதும் ஊதுகிற அதே அவசரத்தோடு.

அவள் இறங்கினாள். வெயில் பட்ட கல்லின் வாசனையும், விளிம்பில் அடர்ந்திருந்த மிர்டில் புதர்களின் பச்சை வாசனையும் தலைக்கு மேலேயே நின்றுவிட, கீழிருந்து வேறொரு வாசனை, வெகுநாள் பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற ஈரமும் மண்ணும் கலந்த வாசனை, மெல்ல மெல்ல ஏறி வந்து அவள் ரப்பர் உடைக்குள் புகுந்து முதுகில் படர்ந்தது. நீர் அரித்து வழவழப்பாக்கிய வெள்ளைச் சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கின. வானம் ஒரு நீலக் கோடாக ஒடுங்கிவிட்டது.

பக்கீசியோ ஒரு கல்லின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, மொறுமொறு ரொட்டியைப் பாலாடைக்கட்டியோடு கடித்துக்கொண்டிருந்தான்.

"பாதியில தொங்கிக்கிட்டு என்னடா விசில் வேண்டிக் கிடக்கு?"

"நானா? ரெண்டு கையும் கயித்துல இருக்கு. விசிலை மூக்காலயா ஊதுவேன்?"

"ஊதினே. நான் கேட்டேன்."

"ஊதினேன். கீழ வந்து சேர்ந்தப்புறம் ஊதினேன். அதுக்கு முன்னாடி கேட்டுதுன்னா எதிரொலியா இருக்கும்."

"ஊதறதுக்கு முன்னாடியே எதிரொலி வருமா?"

"உனக்கு நாப்பது ஆகப்போகுதுக்கா. காது இனிமே அப்படித்தான்."

பேச்சோடு பேச்சாக அவள் கயிற்றை இழுத்துவிட்டாள். அது கைப்பழக்கம். மேலே பாறையில் அடித்த வளையத்துக்குள் கயிற்றைப் பாதி வரை நுழைத்து, இரண்டு வாலையும் கீழே தொங்கவிட்டு இறங்குவார்கள். எல்லோரும் வந்து சேர்ந்ததும் ஒரு வாலை இழுத்தால் மற்றது மேலே போய் வளையத்தைத் தாண்டிச் சுருண்டு விழும். அடுத்த இறக்கத்துக்கும் அதே கயிறுதான் வேண்டும். இழுத்தாக வேண்டும். இழுத்தபிறகு ஏறிப் போக வழி கிடையாது. அந்த வழுக்குப் பாறையில் பல்லிகூட ஏறாது. முன்னால் போய், மிச்சமிருக்கும் இரண்டு இறக்கங்களையும் இறங்கி, கடற்கரைக் கூழாங்கல்லில் கால் வைத்தால்தான் விடுதலை.

கயிறு தொப்பென்று விழும்போதெல்லாம் அவளுக்கு ஒரு மகிழ்ச்சி வரும். இன்று வரவில்லை.

மே மாதம் பயணிகள் வரத் தொடங்குமுன் வளையங்களையும் குட்டைகளையும் ஒரு நடை பார்த்து வைப்பது அக்காவும் தம்பியும் ஆண்டுதோறும் செய்கிற வேலை. மலைப்பக்கம் மேகம் தெரிகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றுதான் பக்கீசியோ சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன்காரர்கள் வருகிறார்கள், இன்றைக்கே முடித்துவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தது அவள்தான். அவன் மனைவி மீமியாவுக்கு இது நிறைமாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்றவளிடம், "சாயங்காலத்துக்குள்ள உன் புருஷனைப் பத்திரமா கொண்டுவந்து விட்டுடறேன், போதுமா?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்திருந்தாள். மீமியா சிரிக்கவில்லை.

கயிற்றை மடித்துப் பையில் திணிக்கும்போதுதான் பொனாரியாவுக்கு அது உறைத்தது. கை நின்றுவிட்டது.

"பக்கீஸ், இங்க ஏதுடா எதிரொலி?"

இந்த இடத்துக்குப் பாத்தே மூதா என்று பெயர். ஊமைப் பள்ளம். என்ன கத்தினாலும் திருப்பித் தராது என்பதால் வந்த பெயர். ஊரில் ஆடு மேய்க்கிறவர்கள் இதன் வாயைத் தாண்டிப் போகும்போது ஒவ்வோர் ஆட்டின் மணிக்குள்ளும் புல்லைத் திணித்துச் சத்தம் வராமல் ஓட்டிப் போவார்கள். ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்கள்.

"திருட்டு ஆடு ஓட்டினவனுங்க கட்டிவிட்ட பழக்கம் அது" என்றான் பக்கீசியோ. "மணிச் சத்தம் கேட்டா ஆட்டுக்காரன் துப்பாக்கியோட வந்துடுவான்ல? நம்ம தாத்தா கூட்டமே அதுல கெட்டிக்காரங்களாச்சே." எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஆடுகளைக் கூப்பிடுகிற மாதிரி நீட்டிக் கத்தினான்: "ஹோ...ய்!"

சுவர்கள் அதை அப்படியே விழுங்கின. ஒரு துளி திரும்பி வரவில்லை.

"பார்த்தியா? ஊமை ஊமைதான். நட."

நடந்தார்கள். நடப்பது என்றால் பாதி நடை, பாதி தவழல். இடுக்கு சில இடங்களில் தோளைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும் அளவுக்குக் குறுகியது. ஹெல்மெட் பாறையில் உரசும் சத்தம், இடுப்புப்பட்டையில் தொங்கும் கொக்கிகள் ஒன்றோடொன்று மோதும் கிண்கிண் சத்தம், ரப்பர் காலணிக்குள் புகுந்த தண்ணீர் ஒவ்வோர் அடிக்கும் பிதுங்கும் சத்தம், தம்பியின் மூச்சு, அவள் மூச்சு. இவ்வளவும் ஒன்றாகக் கலந்து பழகிப்போன ஓர் ஓசையாக முன்னால் போய்க்கொண்டிருந்தது. தவளை இல்லை. மேலே எப்போதும் வட்டமிடுகிற பாறைப்புறாக்களும் இல்லை. மதிய நேரம்தான், இருந்தும் உள்ளே அந்தி மாதிரி மங்கல்.

ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்கள். அவள் கொக்கிகளைக் கையால் பொத்திக்கொண்டாள். அவனும் அசையாமல் நின்றான்.

பின்னால் கிண்கிண் என்றது.

அப்புறம் நின்றுவிட்டது. ஓரடி அதிகமாக வைத்துவிட்டு நின்ற மாதிரி.

பக்கீசியோ அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வந்த வழி வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே வளைந்து கருத்துக் கிடந்தது. அந்த வழியில் யாரும் இருக்க முடியாது. அங்கே இருப்பது அவர்கள் இறங்கிய செங்குத்துச் சுவர் ஒன்றுதான், அதன் கயிறும் இதோ பைக்குள் இருக்கிறது.

"வேற குழு ஏதாவது..." என்று அவன் ஆரம்பித்தான்.

அப்போதுதான் அது வந்தது. வெகு தூரத்திலிருந்து, வந்த வழியின் உள்ளிருந்து.

"ஹோ...ய்."

பக்கீசியோவின் குரல். அவன் கத்தி அரை மணி நேரம் ஆகியிருக்கும். சற்றுப் பிசகியிருந்தது, இழுத்த இடத்தில் இழுக்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், பாட்டு கற்றுக்கொள்கிற குழந்தை முதல்முறை பாடிப் பார்ப்பதுபோல. அப்புறம் கொஞ்சம் அமைதி. அப்புறம் மறுபடியும், கொஞ்சம் கிட்டத்தில்.

"ஹோ...ய்!"

இரண்டாவது தடவை சரியாக இருந்தது.

இருபது வருடமாகக் கயிற்றில் தொங்குகிறவள், காலுக்குக் கீழே அந்தரம் இருந்தால் தூக்கம் வருகிறது என்று கேலி பேசுகிறவள், பொனாரியா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவன் வாயைத் திறக்கப் போனதும் அவள் உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். தலையை ஆட்டினாள். பேசாதே. எதுவும் பேசாதே. நாம் பேசுவதைத்தான் அது வாங்கிக்கொள்கிறது.

இரண்டாவது இறக்கத்தில் யார் முதலில் இறங்கினார்கள் என்பதுகூட அவளுக்கு அப்புறம் நினைவில்லை. விசில் ஊதவில்லை. கயிற்றைச் சுண்டிச் சுண்டியே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கீழே வந்ததும் கயிற்றை இழுக்கவா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினார்கள். இழுத்தால்தான் அடுத்த இறக்கம். விட்டு வைத்தால் அதுவும் இதே கயிற்றில் இறங்கி வரலாம். இழுத்தார்கள். கயிறு விழுந்த பிறகு, மேலே, அவர்கள் சற்றுமுன் நின்றிருந்த விளிம்பில், கூழாங்கல் ஒன்று நகர்ந்த சத்தம் கேட்டது. அதை இருவருமே கேட்காததுபோல் இருந்தார்கள்.

காலடியில் ஓடிய தண்ணீர் அதுவரை கண்ணாடி மாதிரி இருந்தது. பொனாரியா குனிந்து பார்த்தாள். கலங்கத் தொடங்கியிருந்தது. மலையில் மழை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த இடுக்கு முழுவதும் தண்ணீர் நிரம்பி ஓடும்; அப்போது இதற்குள் இருப்பவர் யாரும் மிஞ்ச மாட்டார்கள். பின்னால் அது. மேலிருந்து வெள்ளம். இரண்டு பக்கமும் சுவர். காலையில் நாளைக்கு வரலாம் என்று சொன்னானே, கேட்டேனா, கேட்டேனா என்று மனசு அடித்துக்கொண்டது. தான் போனாலும் போகட்டும், இவனை மட்டும் வெளியே தள்ளிவிட வேண்டும். அந்த ஒரே நினைப்பில் நடந்தாள்.

மூன்றாவது இறக்கம் பாறைக்கூரைக்குள் போகிறது. இரண்டு மாடி உயரத்துக்குத் தண்ணீர் விழும், கீழே ஒரு குட்டை. அதைத் தாண்டி ஒரு வளைவு, அப்புறம் கடல். கோடைக்காலத்தில் பயணிகளுக்குப் பிடித்த இடமே இதுதான். குட்டை ஆழமாக இருக்கிற வருடம் கயிறே வேண்டாம், மேலிருந்து நேரே குதித்துவிடலாம். குளிர்கால வெள்ளம் கல்லையும் மரத்தையும் கொண்டுவந்து குட்டையை நிரப்பியிருந்தால் குதிக்கிறவன் கதை முடிந்தது. அதனால் முதல் ஆள் கயிற்றில் இறங்கிக் காலால் ஆழம் பார்த்துச் சொல்லாமல் யாரும் குதிக்கக் கூடாது.

"நான் முதல்ல போறேன்" என்று பக்கீசியோ உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னான்.

அவள் தலையசைத்து மறுத்தாள். காதோடு காதாக, மூச்சுக்காற்றாகச் சொன்னாள்: "கீழ என்ன இருக்கோ. நான் பார்த்துட்டு நாலு தரம் சுண்டறேன். நீயும் நாலு தரம் சுண்டிட்டு, கயித்துலயே இறங்கு. என்ன சத்தம் கேட்டாலும் நம்பாதே."

"நீயும்தான்" என்றான். அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்தான்.

கூரைக்குக் கீழே வந்ததும் இருட்டு. நெற்றி விளக்கைப் போட்டாள். அருவி பக்கத்திலேயே இரைந்தது. தெறிக்கும் தண்ணீர் முகத்தில் குத்தியது. பாசி படிந்த சுவரில் கால் வழுக்கி இரண்டு தடவை தோள் இடித்தது. கடைசியில் தண்ணீரில் கால் வைத்தாள். முழங்கால் வரைதான் வந்தது. காலால் துழாவினாள். கல். கல்லுக்கு மேல் கல். வேரோடு வந்து சொருகிக்கொண்ட ஒரு மரம், அதன் முறிந்த கிளைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே மேல் நோக்கி நின்றன. குட்டை போய்விட்டது. நல்லவேளை அவன் முதலில் வரவில்லை, அவசரத்தில் குதித்தாலும் குதித்திருப்பான் என்று நினைத்தபோது அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கயிற்றை நான்கு தரம் சுண்டினாள். சிறிது நேரத்தில் மேலிருந்து நான்கு சுண்டல் வந்தது. அவன்தான். கையில் உணர்ந்தாள்.

அருவிக்குக் கீழே நிற்க முடியாது. பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பாறைக்குப் பின்னால் குறுகலான மேடு ஒன்று உண்டு. கயிற்று வாலைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறி ஒடுங்கினாள். பாறை முனையில் மடிந்து, அருவியும் அடித்து உலுக்கியதில், கயிற்றில் எடை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கையில் பிடிபடவில்லை. அங்கிருந்து அண்ணாந்தால் மேலே விளிம்பின் ஓரம் மட்டும் தெரியும். மேலிருப்பவருக்கு இந்த மேடு தெரியாது. காத்திருந்தாள்.

காலணி பாறையில் தேயும் சத்தம் வந்தது. கொக்கிகளின் கிண்கிண். ஒரு முனகல், பக்கீசியோ எடை மாற்றும்போது விடுகிற அதே முனகல். அப்புறம் தண்ணீரில் தொப். கல்லில் இடறிய சத்தம். வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை. ஈரக் காலணி பிதுங்கப் பிதுங்க மேட்டை நோக்கி வந்தது. அவள் விளக்கைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டாள். இறங்கி வருகிறவன் முகத்தில் விளக்கடித்துக் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்கிற மரியாதை அது. ஓர் உருவம் அவள் பக்கத்தில் ஏறி நின்றது. ஈரம் சொட்டும் சத்தம். வேகமாக வாங்கும் மூச்சு.

"கயிறு காலி" என்றது தம்பியின் குரல்.

அவ்வளவுதான். இருவரும் வந்தாயிற்று. இனி ஒரே வளைவு. சந்தோஷத்தில் கை தானாக ஓடியது. ஒரு வாலை இழுத்தாள், மளமளவென்று இழுத்தாள். மறுவால் மேலே ஓடியது. சீறிக்கொண்டு வந்து தண்ணீரில் விழுந்தது.

"அக்கா!"

மேலிருந்து.

"அக்கா! என்ன பண்றே? ஏன் கயித்தை இழுத்தே?"

பொனாரியா அசையவில்லை.

"நான் இன்னும் இறங்கவே இல்லக்கா! நீதானே பின்னாலேருந்து கூப்பிட்டே? கால் மாட்டிக்கிச்சு, வாடான்னு சொன்னியே? நீ கீழ இருக்கேங்கறதையே மறந்துட்டு ஓடினேன். அங்க போய்ப் பார்த்தா யாரும் இல்ல. அக்கா, எங்க இருக்கே? தண்ணி ஏறுதுக்கா!"

பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பதில் சொல்ல வேண்டும். கையில் ஈரக் கயிறு. மொத்தக் கயிறும் அவளிடம். அவன் மேலே. அவனுக்குப் பின்னால் ஏற முடியாத சுவர். முன்னால் இரண்டு மாடி அந்தரம். நான்தான் இழுத்தேன். என் கையால் இழுத்தேன்.

"இங்கதான்டா இருக்கேன்" என்று பக்கத்திலிருந்து பதில் போனது.

அவள் குரல். அவளுடைய சொந்தக் குரல். நிதானமான, சிரிப்புக் கலந்த, அரவணைக்கிற குரல்.

"பயப்படாதே. குதி. தண்ணி நல்ல ஆழமா இருக்கு."

ஒவ்வொரு கோடையிலும், ஒவ்வொரு நாளும், நடுங்கிக்கொண்டு விளிம்பில் நிற்கும் பயணிகளைப் பார்த்து இதே இடத்தில் நின்று அவள் சொல்லும் வார்த்தைகள். எத்தனை வருடங்கள். எத்தனை தடவை. இந்தப் பள்ளம் ஒன்றையும் திருப்பித் தந்ததில்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டது.

அவள் திரும்பினாள். விளக்கும் கூடவே திரும்பியது.

ஹெல்மெட் இல்லை. கொக்கி இல்லை. உடை இல்லை. சுண்ணாம்புப் பாறையின் நிறத்தில் நீளமாக, வழவழப்பாக, கூரை இடிக்காமலிருக்க முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. அது மனிதரைக் கேட்டது உண்டு, பார்த்தது கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வாய் மட்டும்தான். அதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அந்த வாய்க்குள்ளிருந்து கொக்கிகளின் கிண்கிண் சத்தம் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"குதிக்காதே!" என்று அலறினாள். "பக்கீஸ்! குதிக்காதே! கீழ கல்லுடா! அது நான் இல்ல!"

அலறல் கிறீச்சிட்டு, உடைந்து, பாதி காற்றாகப் போயிற்று. குட்டைக்குள் ஓடிப்போய் முழங்கால் தண்ணீரில் நின்று காட்டலாம் என்று காலை எடுத்தாள். மேட்டுக்கும் குட்டைக்கும் நடுவில் அது நின்றது. சில்லென்று எதுவோ அவள் இடுப்புப்பட்டைக்குள் நுழைந்து அவளைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இழுத்தாள். உதைத்தாள். கல்லை உதைப்பதுபோல் இருந்தது.

"அக்கா?" மேலே குரல் தடுமாறியது. "ரெண்டு குரல் கேக்குது. எது நீ?"

"நான்தான்டா! நான்தான்! வேணாம்டா, வேணாம்..."

"அது நான் இல்ல பக்கீஸ்" என்றது அவளுடைய நிதானமான குரல். "அது கத்தறதைக் காதுல வாங்காதே. நான் இங்க இருக்கேன்ல? என்னைக்காவது உன்னைத் தப்பா குதிக்கச் சொல்லியிருக்கேனா?"

வெள்ளத்தின் இரைச்சல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. அருவி பழுப்பாகியது.

பொனாரியாவுக்குப் புரிந்தது. இந்தக் கிறீச்சிடும், அழும், பயத்தில் கிழிந்த குரலைத் தம்பி அவளிடமிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. அவன் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது அந்த இன்னொரு குரலைத்தான். நிதானமாகப் பேச வேண்டும். அதைப்போல் பேச வேண்டும். மூச்சை அடக்கினாள். உதட்டைக் கடித்தாள். வாயைத் திறந்தாள். வந்தது மறுபடியும் அலறல்.

"சரிக்கா" என்றான் மேலே. அவன் குரலில் பயம் போயிருந்தது. "நகர்ந்துக்கோ. வரேன்."

விளக்கொளி மேலே விளிம்பைத் தொட்டது. பாறையின் ஓரத்தில் அவன் காலணிகளின் நுனிகள் இரண்டும் ஒன்றுபோல் வந்து நின்றன. முழங்கால்கள் மடங்கின.

பக்கத்தில் நின்றது பேச்சை நிறுத்திவிட்டது. அது தன் முகமில்லாத தலையை மேல் நோக்கிச் சாய்த்து, வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, இதுவரை பழகியிராத ஒரு சத்தத்துக்காகக் காத்து நின்றது.